நிலம், நேரம், உடல்வாகு: சபரகமுவத் தோட்டங்களில் ஆயுர்வேத உடற்பேணல்

ஆயுர்வேத உடற்பேணல் என்ற பெயரில் இன்று வார இதழ்களிலும் சுற்றுலா விடுதிகளின் சிகிச்சைக் கூடங்களிலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வினாப்பட்டியல்தான். தோல் வறண்டதா, பசி கூர்மையானதா, தூக்கம் ஆழமானதா என்று கேட்டு, வாத உடல், பித்த உடல், கப உடல் என மூன்றில் ஒன்றைத் தீர்மானித்து, அதற்கேற்ற எண்ணெயையும் உணவையும் எழுதித் தருகிறார்கள். இந்த முறையைச் சபரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்? மிகக் கொஞ்சமே மிஞ்சும் என்பது என் நிலைப்பாடு. இதற்காகப் பழைய நூல்களைக் குறைசொல்ல முடியாது. அவை உடல்வாகோடு சேர்த்தே நிலத்தையும் பருவத்தையும் உழைப்பையும் பேசின. அந்த மூன்றையும் உதறிவிட்டு உடல்வாகை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

சரக சங்கிதையின் விமானத்தானம் எட்டாம் அத்தியாயம் நோயாளியைப் பத்து வகையில் ஆராயச் சொல்கிறது. பிரகிருதி என்னும் உடல்வாகு அந்தப் பத்தில் ஒன்று. பழக்கத்தால் உடம்புக்கு ஒத்துப்போனவை, செரிக்கும் ஆற்றல், உழைக்கும் ஆற்றல், வயது ஆகியவை மற்றவற்றுள் அடங்கும். பிறவியிலேயே அமைந்துவிடுவதாகச் சொல்லப்படும் உடல்வாகுகூட, அதே அத்தியாயத்தின்படி, கருவுற்ற காலத்தையும் தாய் உண்ட உணவையும் அவள் நடமாட்டத்தையும் பொறுத்து அமைவது. தோட்டப்புறத்தில் இந்த உணவின் நிலை என்ன? இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவிய ரீதியில் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். மெலிந்து குறுகிய ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பார்த்து 'வாத உடம்பு' என்று முடிவுகட்டுபவர், அவள் தாய் கர்ப்ப காலத்தில் எதை உண்டு எந்த மலையில் கொழுந்தெடுத்தாள் என்று கேட்காவிட்டால், சரகர் வகுத்த முறையிலேயே அது அரைகுறைச் சோதனைதான்.

நிலத்தைப் பற்றிய பேச்சு இன்னும் கூர்மையானது. பிரான்சிஸ் சிம்மர்மன் 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஆயுர்வேதத்தின் அடியில் ஒரு நிலவியல் கிடப்பதைக் காட்டியது. வறண்ட, திறந்த சாங்கல நிலம் வாதம் மிகுந்தது. நீர் தேங்கிய ஆனூப நிலம் கபம் மிகுந்தது. சபரகமுவ ஐயத்துக்கிடமில்லாத ஆனூபம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்குள்ள தோட்டத் தமிழரின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளில் அது 1,000 மில்லிமீற்றரை எட்டுவதே அரிது. ஊர் மண்ணின் குணம் அங்கு வாழ்பவரின் உடலில் சேரும் என்ற தமிழ்நாட்டுக் கிராம நம்பிக்கையை மானிடவியலாளர் வலன்ரைன் டானியல் 1984இல் விரிவாக எழுதினார். அவரே இலங்கைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். சாங்கல நிலத்துக்குப் பழகிய உணவும் எண்ணெய் முழுக்கும் ஈர மலைக்கு வந்தபோது என்னாயின என்ற கேள்விக்கு வினாப்பட்டியலில் இடமே இல்லை.

மழைக்காலத்துக்கு வாக்படரின் அட்டாங்க இருதயம் விதிக்கும் ஒழுக்கத்தைக் கவனியுங்கள். செரிமானத் தீ மங்கும் காலம் அது. ஆற்று நீர் ஆகாது, கடும் உழைப்பு ஆகாது, பகல் தூக்கம் ஆகாது. கால்நடையாகத் திரியக் கூடாது. புகையூட்டிய ஆடை உடுத்தி, தூறலும் குளிராவியும் எட்டாத மாடியில் வசிக்க வேண்டும். இதை எழுதியவர் முன் அமர்ந்திருந்தவர் யாரென்று விளக்கத் தேவையில்லை. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ தென்மேல் பருவ மழைக்குள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் தேய்த்து மலையேறும் பெண், ஒரே காலை வேளைக்குள் இந்த விதிகளில் பாதியை மீறிவிடுகிறாள். அவள் அறியாமையால் மீறவில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, அவ்வளவுதான்.

நாளொழுக்கத்தின் கதையும் இதுதான். விடியலுக்கு முன் எழச் சொல்கிறது நூல். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலைகளில் பால் வெட்டுபவரும் அப்படித்தான் எழுகிறார். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பது காரணம். எழும் நேரம் ஒன்றே. ஆனால் எழுந்தபின் உள்ள வேளை பல்துலக்கலுக்கும் எண்ணெய்க்கும் உடற்பயிற்சிக்கும் உரியதல்ல, மரத்துக்கு உரியது. மரப்பட்டை நனைந்த நாளில் வெட்டும் இல்லை, பேரும் இல்லை.

என் நிலைப்பாட்டுக்கு மிக வலுவான சான்று, வேகங்கள் எனப்படும் உடலின் இயல்பான உந்துதல்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. சரகர் பதின்மூன்று இயற்கை வேகங்களை அடக்கக் கூடாது என்கிறார். சித்த மருத்துவம் பதினான்கு என எண்ணுகிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், உழைப்பால் வரும் மூச்சிரைப்பு எல்லாம் அதில் உண்டு. சிறுநீரை அடக்கினால் அடிவயிற்றிலும் குறியிலும் நோவு, நீர்க்கடுப்பு, தலைவலி என்று விளைவுகளையும் நூல் அடுக்குகிறது. எந்த உடல்வாகுக்கும் விலக்கில்லாத விதி இது. கொழுந்து மலைகளில் மலசலகூடம் இல்லாமை தோட்டப் பெண்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. மறைவிடம் இல்லாத சரிவில் பெண் சிறுநீரை அடக்குகிறாள். அடக்க வேண்டியிருக்கும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். ஆக ஒரு வேகத்தோடு இன்னொன்றும் அடங்குகிறது. கப உடலுக்கு எள்ளெண்ணெயா கடுகெண்ணெயா என்ற ஆலோசனையைவிட மலையடிவாரத்தில் ஒரு மலசலகூடம் ஆயுர்வேதத்துக்கு நெருக்கமானது என்று சொன்னால் அது மிகைப்பேச்சாகாது.

அப்படியானால் தோட்டத்தில் இம்மரபு அழிந்துவிட்டதா? இல்லை, வேறு உருவில் வாழ்கிறது. லயத்தில் எவரும் தன் பிரகிருதியைச் சொல்வதில்லை. 'உடம்பு சூடாயிருக்கு', 'வாயுப் பிடிச்சிருக்கு', 'சளி கட்டியிருக்கு' என்று அன்றைய நிலையைத்தான் சொல்கிறார்கள். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர், சளிக்கு வேது, பிள்ளை பெற்றவளுக்குக் காயமும் பத்தியமும் என்று கைவைத்தியம் நடக்கிறது. கடையில் வாங்கும் பஸ்பங்குவ என்ற கசாயப் பொட்டலத்தில் மரமஞ்சளும் கண்டங்கத்தரியும் பற்படாகமும் சேர்ந்திருக்கும். சிங்கள அயலவரும் அதையே அவிக்கிறார்கள். வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கருத்துகள் சிங்களவரின் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஊறியுள்ளன என்பதைக் கணநாத் ஒபேசேகர 1976இல் எழுதினார். தோட்டத் தமிழரைப் பற்றி அதற்கு ஈடான ஆய்வு வேண்டும். படிப்பு வசதியும் தோட்டத்துக்கு எட்டவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிற்று. ஆனால் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும்தான்.

கைவைத்தியத்தைப் போற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தலைச்சுற்றும் சோர்வும் வந்தால் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பது வழக்கம். உண்மையில் அது இரத்தச்சோகையாக இருக்கலாம். ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணி உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. சரகர் இந்த வெளுப்பைப் பாண்டு என்று தனி நோயாகவே வைத்து இரும்பு மருந்துகளை விதித்தார். அதை உடல்வாகு என்று விட்டுவிடவில்லை. இரத்தச்சோகைக்கு ஒரு காரணமான கொக்கிப்புழுவை ஒழிக்க ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியபோதும் சிக்கல் உடல்வாகில் இல்லை, சூழலில்தான் இருந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிது. மலசலகூடம் கட்டும் செலவைத் தோட்டத்துரைமார் ஏற்பது கடினம். வெறுங்காலில் அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் தொற்றியது.

விமானத்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் அக்கினிவேசர் தம் ஆசிரியர் ஆத்திரேயரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உடல்வாகும் உணவும் வயதும் வேறுபட்ட மக்கள் ஒரே வேளையில் ஒரே நோயால் எப்படி அழிகிறார்கள்? காற்று, நீர், நிலம், பருவம் என்ற நான்கும் எல்லோருக்கும் பொது. அவை கெட்டால் உடல்வாகு காக்காது என்பது விடை. அவை கெடுவதன் வேர் ஆள்வோரின் அறப்பிழை வரை நீள்வதாகவும் அந்த அத்தியாயம் சொல்கிறது. சபரகமுவவுக்கு இது எலிக்காய்ச்சலின் இலக்கணம். வெள்ளச்சேறு, வயல், மாணிக்கக் குழி எங்கும் விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வெடித்த பாதத்தின் வழியே கிருமி ஏறுகிறது. இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் மிகுந்த மாவட்டங்கள். சேற்றில் இறங்குபவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வாரம் ஒருமுறை தரும் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் மாத்திரை, வாத உடலா கப உடலா என்று பார்ப்பதில்லை. காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் இருந்து, சிறுநீர் குறைந்தால், கொத்தமல்லித் தண்ணீரோடு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு நாளுக்கு 2024இல் வைத்த விலை 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய பேர் இல்லை.