எம்.ரெட்டியபட்டி வட்டாரம்: பண்பாடும் காணத்தக்க இடங்களும்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்து ஊரான எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிக் கிடப்பது மானாவாரிக் கரிசல். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் விளையும். கண்மாய் பெருகாத ஆண்டில் அதுவும் இல்லை. 1985 வரை இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், குற்றாலம் என்று போகும் பயணிகள் இந்தப் பக்கம் திரும்புவது குறைவு.

முதலில் பார்க்க வேண்டியது குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழி திருமேனிநாதர் கோயில். அம்பிகை துணைமாலையம்மை. பாண்டிய நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று; பாடியவர் சுந்தரர். பிரளய வெள்ளம் வந்தபோது சிவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, நீரைச் சுழித்து உள்ளே போகச் செய்தார் என்பது தலபுராணம். ஆண்டில் பெரும்பகுதி ஆறு மணலாகக் கிடக்கும் ஊருக்கு வாய்த்த கதை வெள்ளத்தைப் பற்றியதாக இருப்பது வியப்புதான்.

சேரமான் பெருமாளோடு இங்கு வந்த சுந்தரரின் கனவில் சிவன் கையில் செண்டோடு காளையாகத் தோன்றி, தாம் இருப்பது கானப்பேர் என்றாராம். கானப்பேர் இன்றைய காளையார்கோவில். அந்தக் கனவு கண்ட இடமாக ஊரார் சொல்வது அருகிலுள்ள பள்ளிமடம். அங்குள்ள காளைநாதர் கோயிலைக் கல்வெட்டுகள் 'சுந்தரபாண்டிய ஈசுவரம்' என்னும் பள்ளிப்படையாகக் குறிக்கின்றன. அரசனைப் புதைத்த இடத்தில் எழுப்பும் இவ்வகைக் கோயில் பாண்டிய நாட்டில் அரிது. வரலாற்று ஆர்வலர் திருச்சுழியோடு திரும்பிவிடக் கூடாது.

இரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு, 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் திருச்சுழியில் பேணப்படுகிறது. திண்ணையும் முற்றமுமான வீடு, வெளிநாட்டவரும் வருகிறார்கள்.

ஊர்ப் பொங்கல் சமயத்தில் வந்தால் முளைப்பாரியைக் காணலாம். நவதானியங்களை ஓடுகளில் இருட்டில் வளர்த்து, பெண்கள் கும்மியடித்துத் தலையில் சுமந்து சென்று நீர்நிலையில் கரைப்பார்கள். கருப்பசாமி கோயில்களில் கிடாவெட்டு உண்டு. தென்மாவட்டக் கரிசல் ஊர்களில் இராசகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்தில் பாட்டு கிடையாது. தேவதுந்துபியின் அடிக்குக் கைக்குட்டை வீசி ஆடுவார்கள்.

நெசவைப் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். தேவாங்கர், சௌராஷ்டிரர் தறிகளால் பேர்பெற்ற ஊர் அது. பங்குனிப் பொங்கலுக்கும் கூட்டம் கூடும். விருதுநகர்–மானாமதுரை இருப்புப்பாதையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டுக்கும் நிலையங்கள் உள்ளன. வெயில் கடுமை, கார்த்திகை முதல் மாசி வரை வருவது நல்லது.