மோதிர சைஸ் 14-னா என்ன அர்த்தம்? வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

ஆன்லைனில் மோதிரம் பிடிச்சிருக்கு, விலையும் ஓகே. ஆனால் ‘சைஸ் எது?’ என்று கேட்டதும் பலருக்கும் கை நின்றுவிடும். 12-ஆ, 14-ஆ? இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் குழப்பம் இல்லை.

எண்ணின் கணக்கு என்ன?

மோதிரத்தின் உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதில் 40-ஐக் கழித்தால் வருவதுதான் இந்திய சைஸ். 52 மி.மீ. என்றால் 12, 54 மி.மீ. என்றால் 14. அமெரிக்க சைஸ் வேறு. நம்ம 14, அங்கே சுமார் 7. ஆர்டர் போடும் முன் எந்த நாட்டு அளவு என்று பாருங்க.

எப்படி அளப்பது?

* நூல் இழுபடும் என்பதால் மெல்லிய காகிதத் துண்டே நல்லது. விரலின் அடியில் சுற்றி, சேரும் இடத்தில் கோடு போட்டு, ஸ்கேலில் அளக்கவும்.
* விரல் மூட்டு தடிப்பாக இருந்தால் அதையும் அளக்கணும். மோதிரம் அதைத் தாண்டித்தானே போகணும்!
* பழைய மோதிரம் இருந்தால் உள்விட்டத்தை 3.14-ஆல் பெருக்குங்க. 17.2 மி.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 54. அதாவது சைஸ் 14.
* பட்டை அகலமான மோதிரத்துக்கு ஒரு சைஸ் கூடுதலாகத் தேவைப்படலாம்.

எப்போது அளப்பது?

வெயிலிலும் உழைப்பிலும் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். சடையங்குப்பத்தில் இருந்து மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் போகிறவர்கள் காலையில் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை அளந்து, பெரிய அளவை எடுப்பது பாதுகாப்பு. இரண்டு கை விரலும் ஒரே அளவில் இருக்காது. போடப்போகும் விரலையே அளங்க.

சைஸ் தவறினால்?

சாதாரண தங்க மோதிரத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். சுற்றிலும் கல் பதித்ததை மாற்றுவது கஷ்டம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணுடன்தான் விற்க முடியும். அளவு மாற்றக் கொடுக்கும்போது அந்த எண் அழியாமல் செய்யச் சொல்லுங்க.

இதை மறக்காதீங்க

மெஷின், கயிறு, கொக்கி பக்கம் வேலை என்றால் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்க. ஓடும் மெஷினில் மாட்டினால் விரலின் சதையையே உரித்துவிடும். கையில் அடிபட்டால், வீங்கும் முன்பே கழற்றணும். மாட்டிக்கொண்டால் கையை உயர்த்தி வைத்து, சோப்பு நீர் தடவி மெதுவாகத் திருகுங்க. விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்க. அங்கே மோதிரத்தை வெட்டி எடுப்பாங்க. வெட்டின தங்கத்தைப் பற்ற வைத்துக்கலாம், விரலை அப்படி முடியாது.