மலி: நிறைவிலிருந்து மலிவுக்கு

மலி (வினை): மிகு, நிறை, பெருகு. மலிதல், மலிவு என்பன இதன் பெயர் வடிவங்கள்.

மிகுதியைச் சொல்ல உறு, தவ, நனி என்னும் மூன்று உரிச்சொற்களைத் தொல்காப்பியம் தருகிறது. வினைகளோ பல: நீர் ததும்பும், பால் பொங்கும், நெல் குவியும், கூட்டம் நெரியும். ஒவ்வொன்றிலும் பொருளின் அசைவு தெரியும். ஆங்கிலத்தின் ‘அபௌண்ட்’ என்ற வினையும் அப்படித்தான். அலையைக் குறிக்கும் ‘உண்டா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கரை மீறி வழிவதே அதன் முதற்பொருள். பூண்டி நீர்த்தேக்கம் 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவை எட்டி, உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கும் நாளில் அந்தப் பொருள் கண்ணுக்கே தெரியும்.

‘மலி’ இன்னும் ஓர் அடி வைத்தது. மிகுந்தால் விலை இறங்கும். அதனால் நிறைவைக் குறித்த ‘மலிவு’ குறைந்த விலைக்கும் பெயரானது. பழவேற்காட்டில் வலை நிறைய இறால் விழுந்த காலையில் கூடைகள் நிரம்பும், கூறு பெரிதாகும், விலை சரியும். காரணமும் விளைவும் ஒரே சொல்லில். ஆங்கிலத்தின் ‘சீப்’ வாங்கல் விற்றலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; அதில் நிறைவின் நினைவு இல்லை.

இன்று ‘ஊழல் மலிந்தது’ என்று இந்த வினையைப் பெரும்பாலும் தீமைக்கே ஒதுக்கிவிட்டோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை மலியட்டும், வயலில் நெல் மலியட்டும் என்றும் எழுதுவோம்.