வேந்தற்கு உற்றுழிப் பிரிவு: பிரான்சு நாட்டில் இந்தியச் சிப்பாய்கள்

போர்மேற் சென்ற தலைவன் பாசறையில் இருக்கிறான்; மனையிலிருக்கும் தலைவி அவன் குறித்துச் சென்ற பருவத்தை எண்ணி ஆற்றியிருக்கிறாள். முல்லைத் திணையின் உயிர்நாடி இதுவே. இதனை வேந்தற்கு உற்றுழிப் பிரிவு என வகுத்த நம் முன்னோர், அதற்கொரு கால எல்லையையும் வகுத்தனர். வேந்தன் பொருட்டுப் பிரிவது ஓராண்டுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியக் கற்பியல் கூறும் வரையறை. திரும்பும் காலம் தெரிந்தால் பிரிவைத் தாங்கலாம் என்பதனை அவ்வாசிரியர் நன்கு அறிந்திருந்தார் போலும். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியச் சிப்பாய்க்கு எல்லாக் கட்டளைகளும் சொல்லப்பட்டன. திரும்பும் காலம் மட்டும் சொல்லப்படவில்லை.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இந்தியப் படையின் முதற் பிரிவினர் பிரான்சின் மார்சேல்சு துறைமுகத்தில் வந்திறங்கினர். போர் முடிவதற்குள் அம்முனைக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 140,000 பேராவர். அவர்களுள் 90,000 பேர் அளவில் போர்வீரர்; ஏனையோர் சுமை தூக்கவும், சாலை அமைக்கவும், குதிரை பேணவும் சென்ற பணியாளர். பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புறம், கடுவால், நேப்பாளம் ஆகிய நிலப்பகுதிகளின் உழவர் குடும்பங்களிலிருந்தே படைவீரர் மிகுதியும் சேர்க்கப்பட்டனர். தென்னாட்டார் போருக்கு உகந்த இனத்தார் அல்லர் என்பது அக்கால ஆட்சியாளரின் கொள்கை. அக்கொள்கையின் பொருந்தாமையைத் 'தம்பிகள்' என்று அன்போடு அழைக்கப்பட்ட சென்னைச் சாப்பர் படையினர் பின்னர் மெசபடோமியாவில் மெய்ப்பித்தனர் என்பது வேறு கதை.

சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். கடனை அடைக்கவும், நிலம் வாங்கவும், மகளை மணமுடித்துக் கொடுக்கவும் அச்சம்பளத்தை நம்பியே பலர் படையிற் சேர்ந்தனர். அவர்கள் அணிந்து வந்த உடை வெப்ப நாட்டுப் பருத்திக் காக்கி. அக்டோபர் இறுதிக்குள் அவர்கள் பெல்சியத்தின் ஈப்பிரே நகரை அடுத்த பதுங்கு குழிகளில் முழங்காலளவு சேற்றில் நின்றனர். குளிர்கால உடை முழுமையாக வந்து சேர்வதற்கு முன்னரே பனி வந்துவிட்டது.

இந்நிலையில் அவர்களுக்கு இருந்த ஒரே பற்றுக்கோடு கடிதம். 1915 மார்ச்சு மாத அளவில் இந்தியச் சிப்பாய்கள் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினர். எழுதினர் என்பது ஒரு வழக்குரையே. அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். உருதுவிலோ, குருமுகியிலோ, இந்தியிலோ எழுதத் தெரிந்த ஒருவன் முன் அமர்ந்து, மனைவிக்குச் சொல்ல வேண்டியதைச் சிப்பாய் அவனிடம் சொன்னான். அக்கடிதம் முதலில் படைப்பிரிவிலேயே தணிக்கைக்கு உட்பட்டது. பின்னர் பூலோன் நகரிலிருந்த இந்திய அஞ்சல் தணிக்கை அலுவலகத்தில் மீண்டும் பிரிக்கப்பட்டது. அதனையும் கடந்து ஊர் சேர்ந்தால், அங்கு எழுத்தறிந்த யாரேனும் ஒருவர் அதனை உரக்கப் படித்துக் காட்டினார். கணவன் மனைவிக்குச் சொல்லும் ஒரு சொல்லுக்கு இத்தனை செவிகள்! அக்கடிதங்களில் பயிர், எருமை, மழை, நில வழக்கு, உறவினர் நலம் என்பனவே பெரிதும் பேசப்படுவதைக் கண்டு சிப்பாயின் நெஞ்சில் அன்பு குறைவென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனைவியை நேரே விசாரிக்க நாணியவன் எருமையை விசாரித்தான்.

தணிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. அமெரிக்காவிலிருந்து கதர் கட்சியினர் அனுப்பிய புரட்சி ஏடுகள் படையினரிடையே பரவும் என ஆங்கில அரசு அஞ்சியது. சிங்கப்பூரில் 1915 பிப்ரவரி 15ஆம் நாள் 5ஆம் இலகு காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தது அவ்வச்சத்தை மேலும் வளர்த்தது. ஆங்காங்கிற்கு அனுப்பப்படவிருந்த அப்படையினர், தம்மைத் துருக்கியருக்கு எதிராகவே அனுப்பப்போகின்றனர் என்ற வதந்தியை நம்பியிருந்தனர்.

பூலோன் அலுவலகத்தின் தலைவராயிருந்த ஹவெல் என்பார் இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். குவிந்த கடிதங்கள் அனைத்தையும் படிக்க அவருக்கு ஆள்வலிமை போதவில்லை. ஆகவே, சிலவற்றைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பினார். 1915 சனவரியில் அவர் ஒரு மாற்றத்தைக் கண்டார். சிப்பாய்கள் கடிதங்களிற் கவிதை எழுதத் தொடங்கியிருந்தனர். அதனை மனக்கலக்கத்தின் தீய அறிகுறியென்று அவர் குறித்து வைத்தார். பாசறைப் பாட்டையும் பிரிவாற்றாமைப் பாட்டையும் பாடம் சொல்லும் தமிழாசிரியர்க்கு இது புன்முறுவலை வருவிக்கலாம். எனினும் அவர் கணிப்பு பிழையன்று. நெஞ்சு நிறைந்து வழியும்போதே உரைநடை போதாமற் போகிறது.

தணிக்கையை ஏமாற்றவும் சிப்பாய்கள் கற்றுக்கொண்டனர். இந்திய வீரரைக் கருமிளகு என்றும், வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்து, எது தீர்ந்து வருகிறது, எது மிஞ்சியிருக்கிறது என மளிகைக் கணக்குப் போல எழுதினர். சிலர் இப்போரை மகாபாரதப் போரோடு ஒப்பிட்டனர். பிரெஞ்சுக் குடியானவர் வீடுகளில் தங்கியவர்கள், தம்மை மகனைப்போற் பேணிய மூதாட்டிகளைப் பற்றி எழுதினர். அந்நாட்டுப் பெண்களின் கல்வியையும் உழைப்பையும் கண்டு, தம் பெண்மக்களையும் பள்ளிக்கு அனுப்பும்படி எழுதியவரும் உளர். குண்டு விழும் குழியிலிருந்து ஒரு தந்தை செய்யக்கூடிய குடும்பக் கடமை அவ்வளவே.

காயம்பட்டவன் வீடு திரும்புவான் என்பதே தொடக்கத்தில் எல்லாரும் கொண்டிருந்த நம்பிக்கை. காயம்பட்டோர் பலர் கடல் கடந்து இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு நான்காம் சார்சு மன்னனுக்காகக் கட்டப்பட்ட கீழ்த்திசைப் பாணி மாளிகை மருத்துவமனையாக்கப்பட்டிருந்தது. வெவ்வேறு சமயத்தார்க்கும் சாதியார்க்கும் ஒன்பது சமையற்கூடங்களும், இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்களும் அமைக்கப்பட்டன. மன்னர் தம் அரண்மனையையே விட்டுக்கொடுத்தார் என்று சிப்பாய்கள் நெகிழ்ந்தனர். உண்மையில் அம்மாளிகை 1850ஆம் ஆண்டு முதலே நகராட்சியின் உடைமை. ஆயினும் மருத்துவமும் கவனிப்பும் போலியல்ல. துயரம் குணமடைந்த பின்னரே தொடங்கியது. காயம் ஆறியவர் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டனர். ஆங்கில வீரனுக்கும் இவ்விதி பொருந்தியது. ஆனால் அவன் வீடு சிறு கடலுக்கு அப்பால் இருந்தது. இந்தியனின் வீடு இருந்த தொலைவோ கப்பலிற் பல வாரப் பயணம். இனிக் காயம்படுவதும் வழியன்று எனச் செய்தி பரவியபோது, ஊருக்குச் செல்லும் கடிதங்களில் நம்பிக்கை குன்றியது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர் 53 பேர் நகரை அடுத்த மேட்டு நிலத்தில் எரியூட்டப்பட்டனர்.

1915 மார்ச்சு 10ஆம் நாள் நூவ் சாப்பேல் சிற்றூரில் தாக்குதல் தொடங்கியது. தாக்கிய படையிற் பாதி இந்தியப் படை. மூன்று நாட்களில் ஏறத்தாழ 4,200 இந்தியர் மடிந்தோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். முதல்நாளிலேயே வீழ்ந்தவர் கடுவால் படையின் கப்பர் சிங் நேகி. பகைவர் குழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாய் நுழைந்து போரிட்ட அவருக்கு அப்போது அகவை 19. மறைந்த பின் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. மலைச்சிற்றூரில் இருந்த அவருடைய இளம் மனைவி அப்பதக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. வாழ்நாள் முழுதும் தம் ஆடையில் அணிந்திருந்தார். 1927இல் நூவ் சாப்பேலில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், அடக்க இடம் அறியப்படாத 4,700க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

சிப்பாய்கள் எழுதிய கடிதங்களின் மூலங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஹவெல் அலுவலகம் பெயர்த்தெழுதிய பகுதிகள் இலண்டன் ஆவணங்களில் எஞ்சின. 1999இல் வரலாற்றாசிரியர் டேவிட் ஓமிசி அவற்றுள் ஒரு பகுதியைத் தொகுத்து நூலாக்கினார். சந்தேகப்பட்டுக் கடிதத்தைப் பிரித்தவரின் ஏட்டில்தான் சிப்பாயின் ஏக்கம் பிழைத்திருக்கிறது. அதுவும் அவன் அறியாத மொழியில்.

1915 இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சிலிருந்து விலக்கப்பட்டது. வீட்டுக்கு என மகிழ்ந்தவர் இருந்திருப்பர். கப்பல்கள் மெசபடோமியாப் போர்முனைக்குச் சென்றன. குதிரைப்படையினர் பிரான்சிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டனர். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களும் புறப்பட்டனர். சென்ற இடம் எகிப்து, அங்கிருந்து பாலத்தீனம். 1914இல் வந்தவர்களுக்கு அது நான்காம் ஆண்டு.