பார்க்கிங் துண்டுக்கு ஏழு பிடியாணை



சென்ற மாதம் எமது வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா, பாடசாலை விடும் நேரம் எம்மைத் தேடி வந்தார். ஓட்டோ ஓட்டுபவர். நான்காய் மடித்த தண்டப்பணத் துண்டு ஒன்றை பேர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். 14 நாளைக்குள் தபாற்கந்தோரில் கட்டவில்லை. இரட்டிப்பாகக் கட்டும் அடுத்த 14 நாளும் போய்விட்டது. நீதிமன்றத்துக்கு வரச்சொன்ன அன்று மகளுக்குக் காய்ச்சல், போகவில்லை. இப்போது பிடியாணையாம். "போனா அப்படியே உள்ள போட்டுருவாங்களா சேர்?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் நாலு மாதமாக பொலிஸைக் கண்டாலே ஒழுங்கைக்குள் ஓட்டோவைத் திருப்புகிறாராம்.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் அதைக் கொஞ்சம் எழுதுகிறோம். நீளம் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிரெஸ்டன் டேட் என்றொரு ஏழை. மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒன்பது போக்குவரத்துக் குற்றங்களுக்காக அவருக்கு மொத்தம் 425 டொலர் தண்டம் விழுந்தது. கட்ட வழியில்லை. நீதிமன்றம் அவரை நகரத்தின் சிறைப்பண்ணைக்கு அனுப்பியது. நாளொன்றுக்கு 5 டொலர் கழிக்கப்படும். 425ஐ 5ஆல் பிரித்தால் 85 நாள். காசுள்ளவர் காசோலை எழுதிவிட்டுப் போகும் அதே குற்றத்துக்கு, காசில்லாதவருக்கு மூன்று மாதம் சிறை. 21 நாள் இருந்தபின் பிணையில் வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்டப்பணம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு, கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்று 1971 மார்ச் 2இல் தீர்ப்பு வந்தது.

1983இல் ஜோர்ஜியா மாநிலத்து வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. அது போக்குவரத்து வழக்கல்ல. டானி பேர்டன் என்பவர் பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டொலர் கட்டினார். பிறகு வேலை போயிற்று, மிச்சத்தைக் கட்ட முடியவில்லை, சிறைக்கு அனுப்பினார்கள். ஏன் கட்டவில்லை என்று முதலில் விசாரியுங்கள், கட்ட மறுப்பவரும் கட்ட முடியாதவரும் ஒன்றல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதோடு பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எங்கே ஓட்டை விழுந்தது என்பதுதான் முக்கியம். காசு கட்டாததற்குப் பிடியாணை என்று எழுதாமல், நீதிமன்றத்துக்கு சமூகமளிக்காததற்குப் பிடியாணை என்று எழுதினார்கள். காகிதத்தில் அது வேறு குற்றம். சட்டைப்பையில் இரண்டும் ஒன்றுதான்.

மிஸூரி மாநிலத்தின் பெர்கஸன் நகரின் பெயர் 2014 ஓகஸ்டில் உலகமெல்லாம் கேட்டது. மைக்கல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞன் பொலிஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர். அதன்பின் அமெரிக்க நீதித் திணைக்களம் அந்நகரப் பொலிஸையும் நீதிமன்றத்தையும் ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. சனத்தொகை சுமார் 21,000. அந்நகர நீதிமன்றம் பிறப்பித்து 2014 டிசம்பரில் நிலுவையில் இருந்த பிடியாணைகள் 16,000 பேருக்கு மேல். எல்லோரும் அந்த ஊரார் அல்ல, வழிப்போக்கர்களும் உண்டு. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள்.

அந்த அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. 2007இல் ஒரே ஒரு தடவை காரைப் பிழையாக நிறுத்தினார். இரண்டு துண்டுகள், 151 டொலர் தண்டம், அதற்கு மேல் கட்டணங்கள். அவர் கைக்காசுக்குத் திண்டாடியவர், சில காலம் இருக்க வீடே இல்லாதவர். தவணைகளைத் தவறவிட்டார். 2010க்குள் ஏழு தடவை 'சமூகமளிக்கவில்லை' என்ற குற்றச்சாட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடியாணை, ஒரு புதுத் தண்டம். 25 டொலர், 50 டொலர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப் பார்த்தார். முழுத்தொகை இல்லாவிட்டால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 2014 முடியும்போது 550 டொலர் கட்டியிருந்தார். பாக்கி இன்னும் 541 டொலர்.

ஏன் இப்படி? நகரசபையின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். 2015 நிதியாண்டில் சுமார் 1 கோடி 32 இலட்சம் டொலர் வருமானத்தில் 30 இலட்சத்துக்கு மேல் நீதிமன்றத் தண்டத்திலிருந்தே வரும் என்று திட்டமிட்டிருந்தார்கள். நிதிப் பணிப்பாளர் பொலிஸ் தலைவருக்கு, துண்டு எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த வருடம் வசூல் கஷ்டம் என்று எழுதியிருக்கிறார். நீதிமன்ற அலுவலகமோ அந்தப் பொலிஸ் தலைவரின் மேற்பார்வையில்! இது அந்த மாநிலத்தில் புதிதும் அல்ல. மக்ஸ் கிரீக் என்ற சின்ன ஊர், நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களைப் பிடித்தே வயிறு வளர்த்ததால், 1995இல் அதன் பெயராலேயே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வருமானம் போனதும் அந்த ஊர் சபை வங்குரோத்தானது தனிக் கதை.

தீர்வு எப்படி வந்தது? பிடியாணை உள்ளவர் நீதிமன்றப் பக்கம் போகவே பயப்படுவார், போகாததால் இன்னொரு பிடியாணை. ஆகவே முடிச்சை மறுபக்கத்திலிருந்துதான் அவிழ்க்க வேண்டியிருந்தது. 2014 செப்டம்பரில் பெர்கஸன் 'சமூகமளிக்காமை' என்ற தனிக் குற்றத்தை நீக்கியது. பக்கத்து செயின்ட் லூயிஸ் நகரம் அதே வருடம் சிறு குற்றங்களுக்கான 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பிடியாணைகளை இரத்துச் செய்தது. 2015 ஓகஸ்டில் பெர்கஸனின் புதிய நீதிபதி டொனால்ட் மக்கலின், 2014 முடிவதற்கு முன் பிறப்பித்த எல்லாப் பிடியாணைகளையும் மீளப்பெற்றார். தண்டம் முழுதாக மன்னிக்கப்படவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். புதுத் தவணை கொடுத்து, தவணைமுறையில் கட்டவோ சமூக சேவை செய்யவோ வழி விட்டார்கள். வழியே இல்லாதவருக்கு தண்டத்தைத் தள்ளுபடி செய்யவும் இடமிருந்தது.

அந்த வாப்பாவுக்கும் நாம் இதைத்தான் சொன்னோம். தண்டம் வேறு, பிடியாணை வேறு. பிடியாணை கேட்பது நீங்கள் வந்து நிற்பதை. பொலிஸ் பிடித்துக்கொண்டு போவதற்கு முன் நீங்களாகப் போனால் நீதவான் பார்க்கும் பார்வையே வேறு. தெரிந்த சட்டத்தரணி ஒருவர் நகர்த்தல் பத்திரம் போட்டார். மகளின் மருந்துத் துண்டையும் எடுத்துப் போகச் சொன்னோம். காலை போனவர் பகல் சாப்பாட்டுக்கு வீட்டில். பிடியாணை மீளப்பெறப்பட்டது, தண்டத்தையும் அன்றே கட்டிவிட்டார். சட்டத்தரணிக்குக் கொடுத்தது தண்டத்தை விடக் கூட என்று இன்னும் புலம்புகிறார். அனுமதிப்பத்திரம் மட்டும் பொலிஸில் கிடக்கிறது, திங்கட்கிழமை எடுக்கப் போகிறாராம்.

இதே மாதிரித் துண்டு யாருடைய பேர்ஸிலாவது கிடந்தால், பின்னேரங்களில் பாடசாலையில்தான் இருப்போம், வாருங்கள்.