கூடி வாழும் கட்டடமும் கூட்டுத் தூய்மையும்

மனிதர் தனித்தனி வீடுகளிற் குடியிருந்த காலத்தில், வீட்டின் தூய்மை அவ்வவ் வீட்டாரின் பொறுப்பாகவே இருந்தது. முற்றத்தைக் கூட்டுவதும், கிணற்றடியைக் கழுவுவதும், குப்பையைப் புதைப்பதும் அவரவர் கடமையென்று கொள்ளப்பட்டன. நகரங்கள் பெருகி, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் அடுக்கடுக்காக வாழத் தலைப்பட்டபோது இந்நிலை மாறியது. சுவர்கள் வீடுகளைப் பிரித்தன. ஆயினும் படிக்கட்டும், மின்தூக்கியும், கழிவுக் குழாயும், உள்ளே புகும் காற்றும் எல்லார்க்கும் பொதுவாயின. பொதுவான இவற்றின் வழியே நோய் பரவுமாயின், அதனைத் தடுக்கும் தூய்மையும் பொதுவானதாகவே இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற நகரம் ஹொங்கொங்.

அந்நகரம் இப்பாடத்தின் முதற் பகுதியைக் கற்றது 1894ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் தைப்பிங்ஷான் என்னும் பகுதியிற் பிளேக்கு நோய் தோன்றியது. அங்கே வீடுகள் வெளிச்சமும் காற்றும் புகாத சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. பிரித்தானிய அரசாங்கம் சுறொப்சயர் படைப்பிரிவின் வீரர்களை வீடு வீடாக அனுப்பிற்று. அவர்கள் குப்பைகளை அகற்றினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர். எனினும் அவ்வாண்டில் மாத்திரம் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். நோயின் கிருமியை அலெக்சாந்தர் யேர்சின் அதே ஆண்டில் அதே நகரத்திற் கண்டறிந்தார். ஆனால், எலியின் உடலில் வாழும் தெள்ளே அக்கிருமியை மனிதரிடம் கொண்டு சேர்க்கின்றது என்பதைப் போல் லூயி சிமோன் என்பவர் கராச்சியிற் கண்டது 1898ஆம் ஆண்டிலேதான். நோய் வரும் வழியை அறியாமற் செய்த துப்புரவு, எவ்வளவு கடுமையானதாயினும், பாதிப் பயனையே தந்தது.

நூறாண்டுகளுக்குப் பின்னர் இரண்டாம் பாடம் வந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியிற் சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில், நுரையீரலைத் தாக்கும் புதிய நோயொன்று தலைகாட்டியது. பின்னர் சார்ஸ் எனப் பெயர் பெற்ற நோய் இதுவே. அம்மாகாணத்தில் நோயாளரைப் பராமரித்த வைத்தியப் பேராசிரியர் ஒருவர், 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதி, ஹொங்கொங்கின் கௌலூன் பகுதியிலுள்ள மெட்றோபோல் விடுதியின் ஒன்பதாம் தளத்தில் ஓர் அறையில் தங்கினார். அவருக்கு அப்போதே நோய் கண்டிருந்தது. அத்தளத்திற் தங்கியோர் சிலர் அவரை அறியாதவர், அவரோடு பேசாதவர். ஆயினும் நோய் அவர்களைப் பற்றிக்கொண்டது. அவர்கள் வழியே அது ஹனோய், சிங்கப்பூர், தொறன்ரோ ஆகிய நகரங்களைச் சென்றடைந்தது. வாரங்கள் பல கழிந்த பின்னர் ஆராய்ச்சியாளர் அவ்விடுதியைச் சோதித்தபோது, அவ்வறையின் வாயிலுக்கு வெளியே விரிக்கப்பட்டிருந்த கம்பளத்திலும், மின்தூக்கிக்கு அண்மையிலும் அந்த வைரசின் மரபுப்பொருள் எஞ்சியிருக்கக் கண்டனர். வைரசு அப்போது உயிர்ப்போடு இல்லை. ஆனால் அது வந்துபோன சுவடு அழியவில்லை.

நோய்க்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு விடை கண்டோருள் ஒருவர் இலங்கையர் என்பது இந்நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்கது. கண்டியிற் பிறந்து, பேராதனையில் வைத்தியக் கல்வி பயின்ற பேராசிரியர் மலிக் பீரிஸ் அப்போது ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அவரது தலைமையிலான குழுவினர் 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோயாளரிடமிருந்து புதிய கொரோனா வைரசு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இவ்வைரசைச் சுற்றிக் கொழுப்பினாலான மெல்லிய உறையொன்று உண்டு. சவர்க்காரமும், மதுசாரமும், குளோரின் திரவமும் அவ்வுறையைச் சிதைத்து வைரசைச் செயலிழக்கச் செய்ய வல்லன. கொல்லும் வகை தெரிந்தது. அது செல்லும் வழியோ இன்னும் முற்றாகத் தெரியவில்லை.

அந்த வழியைக் காட்டியது அமோய் கார்டன்ஸ் என்னும் தொடர்மாடிக் குடியிருப்பாகும். முப்பது மாடிகளுக்கு மேல் உயர்ந்த அதன் கட்டடங்களில் ஒவ்வொரு தளத்திலும் எட்டு வீடுகள் இருந்தன. வைத்தியசாலையொன்றிற் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர், மார்ச்சு 14ஆந் திகதியும் 19ஆந் திகதியும் அக்குடியிருப்பின் ‘ஈ’ கட்டடத்திலிருந்த தம் சகோதரர் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சார்ஸ் நோயோடு வயிற்றோட்டமும் இருந்தது. அவர் அவ்வீட்டு மலசலகூடத்தைப் பயன்படுத்தினார். சில நாட்களில் அக்கட்டடத்திலிருந்து நோயாளர் பலர் வைத்தியசாலைகளுக்கு வரத் தொடங்கினர். ஏப்பிரல் 15ஆந் திகதி வரையில் அக்குடியிருப்பில் நோயுற்றோர் தொகை 321 ஆயிற்று. அவருள் நூற்றுக்கு நாற்பத்தொருவர் ‘ஈ’ கட்டடத்தவர். முடிவில் அக்குடியிருப்பினருள் 42 பேர் உயிரிழந்தனர்.

மார்ச்சு 31ஆந் திகதி காலையில் அக்கட்டடம் அரசாங்கக் கட்டளையால் மூடப்பட்டது. எவரும் உள்ளிருந்து வெளியேறவோ, வெளியிலிருந்து உட்புகவோ இயலாதாயிற்று. ஆனால் மக்களைக் கட்டடத்தினுள் அடைத்துவைப்பது பாதுகாப்போ என்ற ஐயம் உடனேயே எழுந்தது. நோயுற்ற வீடுகள் ஒரே தளத்திற் பக்கம் பக்கமாக அமைந்திருக்கவில்லை. பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்கோட்டில் அமைந்திருந்தன. மனிதர் பக்கவாட்டில் நடமாடுவர். குழாய்களே மேலும் கீழுமாகச் செல்வன. எனவே ஐயம் கட்டடத்தின் மீதே விழுந்தது. மறுநாள் அங்கு வாழ்ந்தோர் நகருக்குப் புறத்தேயிருந்த விடுமுறை விடுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

பொறியியலாளரும் சுகாதார அதிகாரிகளும் அக்கட்டடத்தை ஆராய்ந்து கண்ட உண்மை வியப்புக்குரியது. ஒவ்வொரு வீட்டின் குளியலறைத் தரையிலும் நீர் வடியும் துளையொன்று உண்டு. அதன் கீழ்க் குழாயானது தமிழ் எழுத்தாகிய பகரம் போல வளைந்திருக்கும். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கிநிற்கும். பெருங் கழிவுக் குழாயிலுள்ள காற்றும் நாற்றமும் வீட்டினுள் ஏறிவராமல் அந்நீரே அடைப்பாக நின்று காக்கின்றது. அமோய் கார்டன்ஸ் வீட்டாரிற் பெரும்பாலானோர் தம் குளியலறைத் தரையை நீரூற்றிக் கழுவுவதில்லை. ஈரத் துணியினால் துடைத்தே துப்புரவு செய்தனர். தரை பளபளத்தது; வளைகுழாயோ வறண்டுபோயிற்று. நீர் அற்றுப்போன வளைவு, திறந்துவிட்ட வாயிலை ஒத்தது.

மலசலகூடத்தில் நீர் பாய்ச்சப்படும்போது கழிவுக் குழாயினுள் நுண்ணிய துளிகள் எழும். குளியலறைகளிற் பொருத்தப்பட்டிருந்த மின்விசிறிகள் அறைக் காற்றை வெளியே தள்ளுமிடத்து, அக்காற்றின் இடத்தை நிரப்பக் குழாயினுள்ளிருந்த காற்று வறண்ட துளையின் வழியே உட்புகுந்தது. அவ்விசிறிகளே அத்துளிகளைச் சுமந்த காற்றை, வீடுகளுக்கிடையிலிருந்த குறுகிய இடைவெளியிற் கொண்டுபோய் விட்டன. அங்கிருந்து அது ஏனைய வீடுகளின் சாளரங்களை அடைந்தது. நான்காம் தளத்திற் குழாயொன்று வெடித்திருந்ததும் அறியப்பட்டது. வயிற்றோட்ட நோயாளரின் மலத்தில் இவ்வைரசு நான்கு நாள் வரை அழியாதிருக்கக்கூடும் என்பது ஆய்வுகூடச் சோதனைகளால் தெரிந்தபோது, இவையனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தின. சுத்தத்தை விரும்பிய மக்களே, தாம் அறியாமல், தம்மைக் காத்த நீரை அகற்றியிருந்தனர்.

இதன் பின்னர் ஹொங்கொங் மேற்கொண்ட முறைகள் எளியன. வீட்டில் உபயோகிக்கும் குளோரின் வெளிற்றுத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 99 பங்கு சேர்த்துத் தரையையும், கைப்பிடிகளையும், மின்தூக்கியின் பொத்தான்களையும் துடைக்குமாறு அரசாங்கம் அறிவுறுத்தியது. ‘ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது’ என்னும் அளவு சிறுவர்க்கும் மனப்பாடமாயிற்று. ஒவ்வொரு வடிதுளையிலும் வாரம் ஒருமுறை அரை லீற்றர் நீர் ஊற்றவேண்டுமென்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. தெருவில் உமிழ்வோர்க்கும் குப்பை போடுவோர்க்கும் விதித்த தண்டம் 600 டொலரிலிருந்து 1,500 டொலராக உயர்த்தப்பட்டது. 2003ஆம் ஆண்டு யூன் 23ஆந் திகதி, உலக சுகாதார ஸ்தாபனம் நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து ஹொங்கொங்கை நீக்கியது. முடிவில் அந்நகரில் 1,755 பேர் நோயுற்று, 299 பேர் மாண்டனர்.

குளோரின் திரவத்தைப் பயன்படுத்துவதிலும் ஓர் ஒழுங்குண்டு. அழுக்கின் மீது ஊற்றிய குளோரின் அவ்வழுக்கோடு சேர்ந்தே தன் வலிமையை இழந்துவிடும். ஆதலால், முதலிற் சவர்க்கார நீரால் அழுக்கை அகற்றி, அதன் பின்னரே மருந்து நீரைத் தடவிச் சில நிமிட நேரம் ஈரமாக விட்டுவைத்தல் வேண்டும். கலந்த நீரை நாட்கணக்கில் வைத்திருத்தலாகாது. அது வீரியம் குன்றும். மலசலகூடத்தைக் கழுவும் அமிலத்தோடு அதனைக் கலத்தல் பேராபத்து. நச்சு வாயு எழும்.

துடைப்பதனால் மாத்திரம் எல்லா வைரசுகளையும் தடுத்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறாகும். 2020ஆம் ஆண்டிற் கோவிட் நோய் பரவியபோது உலகெங்கும் மக்கள் மேசைகளையும் கதவுகளையும் ஓயாது துடைத்தனர். அந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவுகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. சாளரத்தைத் திறந்து காற்றை மாற்றுவதும் ஒருவகைத் துப்புரவே என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. இதற்கு மாறாக, வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நொறோ வைரசு, பாத்திரங்களிலும் கைப்பிடிகளிலும் பல நாள் தங்கவல்லது. மதுசாரத்துக்கு எளிதில் அழியாதது. அதனைக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதாலும் குளோரின் நீராலுமே வெல்லலாம். ஒவ்வொரு நோய்க்கும் அதனதன் வழி அறிந்தே துப்புரவு செய்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஹொங்கொங்கின் சிங்யீ தீவிலிருந்த ஹொங் மெய் மாளிகையில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு வேறு தளங்களின் வீட்டாருக்குக் கோவிட் நோய் கண்டது. அதிகாரிகள் நள்ளிரவிலேயே அங்கு விரைந்தனர். கீழ்த்தளத்து வீட்டிற் குழாயொன்றின் வாய் மூடப்படாதிருக்கக் கண்டு, அப்பகுதியில் வாழ்ந்த நூற்றுக்கு மேற்பட்டோரை உடனே வெளியேற்றினர். 2003இற் குழாயை ஐயுறுவதற்கே நாட்கள் பல கழிந்தன. 2020இல் அதிகாரிகள் முதலிற் சென்று பார்த்ததே குழாயைத்தான். நாற்பத்திருவரின் மறைவு அந்நகருக்கு விட்டுச்சென்ற அறிவு இதுவேயாகும்.

தன் வீட்டுத் தரையைப் பளிங்காக்கி வைப்பவர்களும் பொதுப் படிக்கட்டின் கைப்பிடியையும், சுவருக்குப் பின்னால் மறைந்தோடும் குழாயையும் எண்ணிப்பார்ப்பதில்லை. எல்லார்க்கும் உரியது, எவர்க்கும் உரியதன்று என்று விடப்பட்டுவிடுகின்றது. தொடர்மாடி வீடுகளும், மாணவர் விடுதிகளும், காரியாலயங்களும் பெருகிவரும் இந்நாளில் அந்தப் பொது இடங்களைக் காப்போரும், அவற்றைக் கழுவித் துடைக்கும் தொழிலாளரும் வைத்தியருக்கு நிகரான பணியையே செய்கின்றனர். அவர்களுக்குத் துணையாக ஒவ்வொரு வீட்டாரும் ஆற்றக்கூடிய கடமை மிகச் சிறியது: வாரம் ஒருமுறை, உபயோகமற்றுக் கிடக்கும் வடிதுளையில் ஒரு செம்பு நீரேனும் ஊற்றுவது. அந்நீர் தம் வீட்டை மாத்திரமன்றி, மேல் மாடியில் உறங்கும் முகமறியாத குழந்தையையும் காக்கும்.