கோட்டைக் கல்லும் வீட்டு மரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலையில்லை, பெருங்காடும் இல்லை. சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண், கரையோரத்தில் முருகைக்கல், எங்கும் பனை: கட்டடத்துக்கென இயற்கை அளித்த பொருள்கள் பெரும்பாலும் இவையே. ஆதலின், பழைய வீட்டைப் பிரிப்பது அதனை அழிப்பதாகக் கருதப்படவில்லை. வைரமேறிய பனையில் அறுத்த சலாகைகளும், நிலைகளும் கதவுகளும் தாயின் வீட்டினின்று மகளின் வீட்டுக்குச் சென்றன. மண்சுவர் மீண்டும் மண்ணாயிற்று. கூரையிலும் வேலியிலும் உக்கிய ஓலை தோட்டத்திற் புதைக்கப்பட்டுப் பசளையாயிற்று. இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' எனப் போற்றப்படும் நெறி, பெயரின்றியே இங்கு வழங்கியது.

எனினும், பழம்பொருள் புதுக் கட்டடத்துட் புகுந்த கதைகள் யாவும் இத்துணை இனியன அல்ல. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் அவர்தம் தளபதி பிலிப் த ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அதன் கற்கள் கோட்டை கட்டக் கொண்டுசெல்லப்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. சோழர் காலத் தமிழ்ச் சாசனம் பொறித்த தூணொன்று பிற்காலத்திற் கோட்டையினுள்ளே காணப்பட்டமை, பழந்தமிழ்க் கட்டடங்களின் கற்கள் அங்குப் புகுந்தன என்பதற்குச் சான்று பகர்கின்றது. கல் வீணாகவில்லை எனக் கணக்கெழுதுவோர் மகிழலாம். கல்லுக்கு உரியவர் இசைந்தனரா என்னும் வினாவுக்கு அக்கணக்கில் இடமில்லை.

1658இல் வந்த ஒல்லாந்தர் பழைய கோட்டையை மாற்றி ஐங்கோண வடிவிற் பெருங்கோட்டையாகக் கட்டினர். முருகைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டே அதன் மதில்கள் எழுந்தன. சுண்ணாம்பு கல்லை இறுகப் பற்றும்; வேண்டியபோது விட்டும் கொடுக்கும். சீமெந்தோ அவ்வாறன்று. அதைப் பெயர்க்க முயன்றால் கல்லே உடைந்துபோகும். பிரிக்க இயலாதவாறு கட்டுவதே உறுதியெனக் கருதியது நம் காலத்தின் பெரும்பிழை.

1990இல் மூண்ட போரிற் கோட்டை சிதைந்தது. அதனுள் 1706இல் எழுப்பப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயமும் இடிந்தது. அவ்வாண்டே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவையும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரைகளாயின. ஊரையும் தலைநகரையும் இணைத்த இரும்பு மண்ணுக்குள் மனிதரைக் காத்து நின்றது! இதனைச் சிக்கனம் என்பதா, அவலம் என்பதா? புதிய தண்டவாளத்தின்மீது யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014ஆம் ஆண்டிலேயாம்.

கோட்டையின் புனரமைப்பு நெதர்லாந்து அரசின் உதவியோடு 2010 அளவில் தொடங்கிற்று. கடலில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடுத்திருந்தது. எனவே, வீழ்ந்து கிடந்த பழங்கற்கள் இடிபாட்டினின்று பொறுக்கப்பட்டு, மீண்டும் சுண்ணாம்பு பூசப்பெற்று மதிலேறின.